கட்டுநாயக்காவில் இறங்காத கம்பளி

செவ்வாய்க்கிழமை, பகல் மூன்று மணி. திருச்சியில் ஏறிய விமானம் ஒரு மணி நேரத்தில் கொழும்புப் பக்கம் கட்டுநாயக்காவில் இறங்கிவிட்டது. கண்டிப் பக்கத்திலிருந்து வேளாங்கண்ணிக்குப் போய்த் திரும்பியவர்கள் நாங்கள் இருபத்திரண்டு பேர். பை வருகிற பெல்ட்டைச் சுற்றி எல்லோரும் நின்றோம். எங்கள் பைகளில் நீல நாடா கட்டியிருந்ததால் நீலத்தைக் கண்டதும் ஆளாளுக்குப் பாய்ந்து எடுத்தார்கள். நான் பாயவில்லை. எழுபத்தாறு வயதில் பாய்வது அழகில்லை. என் பச்சைப் பை என் முன்னால் வரும், எடுத்துக்கொள்ளலாம் என்று ஓரமாக நின்றேன்.

அது வரவில்லை. பெல்ட் வெறுமையாக மூன்று சுற்றுச் சுற்றி நின்றுபோனது.

அந்தப் பையில் என் சேலை நான்கும், மாதா எண்ணெய்ப் போத்தலும், மெழுகுவர்த்தியும் இருந்தன. அவை போனால் போகட்டும். அடியில் ஒரு கம்பளி இருந்தது. அதைப் பற்றிச் சொல்லாமல் மேலே எழுத முடியாது.

என் வீட்டுக்காரர் அருளப்பனுக்கு ஒரே அண்ணன், பெயர் சூசை. ஐம்பது வருஷத்துக்கு முன்னால், தேயிலைத் தோட்டத்து ஆட்களில் பாதிப் பேரை இந்தியக் குடிகள் என்று எழுதி அனுப்பிய காலத்தில், அவரும் குடும்பத்தோடு கோச்சி ரயில் ஏறிக் கப்பலுக்குப் போனார். கண்டி ஸ்டேசனில் வழியனுப்ப நாங்கள் போயிருந்தோம். மூட்டைக்கு மேலே என் மாமனாரின் கறுப்புக் கம்பளி மடித்துக் கட்டியிருந்தது. மழைக்கும் பனிக்கும் போர்த்துகிற கம்பளி, அவர் செத்தபோதும் மேலே கிடந்தது. அண்ணனும் தம்பியும் சின்னதில் அதற்குள்தான் ஒன்றாகப் படுத்தவர்கள். அதைக் கண்டதும் இவருக்கு என்ன ஆனதோ, அத்தனை பேருக்கு முன்னால், "பொணத்து மேல கெடந்த துணியையும் விடலையாடா நீ" என்று கேட்டுவிட்டார். அண்ணன் பெட்டிக்குள் ஏறிக்கொண்டார். கோச்சி போய்விட்டது. அதற்குப் பிறகு அங்கிருந்து கடிதம் இல்லை, இங்கிருந்தும் இல்லை.

இவர் இப்போது படுக்கையில். எட்டு மாதமாக எழும்பவில்லை. அண்ணனும் கூடலூரில் படுக்கையில் கிடக்கிறார் என்றும், வாதம் வந்து பேச்சு விழுந்துவிட்டது என்றும் போன வருஷம்தான் தெரியவந்தது. நான் வேளாங்கண்ணிக்குப் பெயர் கொடுத்த அன்றைக்கு இவர் சொன்னது இதுதான்: "அண்ணன் மகனுக்குப் போன் பண்ணு. கம்பளிய நான் கேட்டேன்னு சொல்லு. குடுத்தா கொண்டா. குடுக்கலேன்னா, அவன் மனசுல நான் இன்னும் அந்த ஸ்டேசன்லதான் நிக்கிறேன்னு வெளங்கிக்கிறேன்."

கொடுத்தார். அண்ணன் மகன் ஜேம்ஸ் கூடலூரிலிருந்து ஒரு ராத்திரியும் பாதிப் பகலும் பஸ்ஸில் வந்து, வேளாங்கண்ணிக் கோயில் வாசலில் அதை என் கையில் வைத்தான். வெள்ளைத் துணியில் பொதிந்து சுற்றித் தைத்திருந்தது. "பிரிக்காதீங்க சித்தி. சித்தப்பாதான் பிரிக்கணும்னு அப்பா கையக் காட்டினாரு" என்றான். நான் பிரிக்கவில்லை. அன்றைக்கே இவருக்குப் போன் போட்டு, "உங்க அண்ணன் குடுத்துட்டாருங்க, கொண்டாறேன்" என்றேன். அந்தப் பக்கம் இவர் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. அவ்வளவு சந்தோஷமாக நான் போனை வைத்ததே இல்லை.

நான்கு மணி. பை வராதவர்கள் போய்ச் சொல்கிற மேசை ஒன்று அங்கே இருக்கிறது. அங்கிருந்த தம்பி சிங்களப் பிள்ளை, தமிழ் கொஞ்சம் பேசினான். என் விமானச் சீட்டை வாங்கிப் பின்னால் திருப்பினான். பையை நிறுக்கும்போது கொடுக்கிற துண்டுச் சீட்டு அதில்தான் ஒட்டியிருக்கும்.

"அம்மே, ஒங்க பேருக்கு ஒரு பேக். அது வந்துட்டு. எடுத்துப் போய்ட்டாங்க."

"நான் எடுக்கலியே தம்பி."

"நம்பர் சரி அம்மே. வந்துட்டு. ஒங்க பேருக்கு வேற பேக் இல்ல."

அப்போதுதான் எனக்குக் காலையில் திருச்சியில் நடந்தது ஞாபகம் வந்தது. எங்களைக் கூட்டிப்போனவர் கண்டி கட்டுக்கலையில் இருக்கிற சவரிமுத்து ஐயா. கிளாக்கராக இருந்து ஓய்ந்தவர், வருஷா வருஷம் ஆள் சேர்த்து யாத்திரை கொண்டுபோகிறவர். அவர் வழக்கம், எல்லோருடைய பாஸ்போர்ட்டையும் வாங்கி, எல்லாச் சாமானையும் ஒரு குவியலாக வைத்து ஒன்றாக நிறுப்பது. ஒருவருக்குப் பாரம் கூடினால் குறைந்தவர் பெயரில் போட்டுச் சமப்படுத்துவார். எங்களோடு கடுகண்ணாவையிலிருந்து லூர்தம்மா என்று ஒருத்தி வந்திருந்தாள். சேலை வியாபாரம் செய்கிறவள். மாதாவைக் கும்பிட்டதை விடக் கடைவீதியில்தான் அதிகம் நின்றாள். அவள் மூட்டைகள் பாரம். என்னிடம் வந்து, "அக்கா, ஒங்களுக்கு ஒரு பைதானே. என் மூட்டை ஒண்ண ஒங்க பேருல போட்டுக்கிறேன், ஒங்க சின்னப் பை என் பேருல வரட்டும். எல்லாம் ஒரே பிளேன்தானே" என்றாள். நான் தலையை ஆட்டினேன். ஒரே பிளேன்தானே என்று நானும் நினைத்தேன்.

அதனால் என் பெயரில் வந்தது அவளுடைய சேலை மூட்டை. அவள் அதை எடுத்துக்கொண்டு எனக்கு முன்னால் வெளியே போய்விட்டாள். என் பைக்கான துண்டு அவளுடைய சீட்டில் ஒட்டியிருந்தது.

"அந்தப் பேர் ஆள் வரணும் அம்மே. வந்து, பேக் என்ன கலர், உள்ளே என்ன இருக்கு, எல்லாம் சொல்லணும், சைன் பண்ணணும். ஒங்க பேருக்கு நான் எழுத ஏலாது."

வெளியே வேன் அருகில் லூர்தம்மா நின்றாள். சொன்னேன். அவள் முகம் வெளுத்தது. ஆனாலும் உள்ளே வர மாட்டேன் என்றுவிட்டாள். "வெளிய வந்த பொறவு உள்ள விடமாட்டாங்க அக்கா." சவரிமுத்து ஐயா மணியைப் பார்த்தார். "ஏறுங்க அந்தோனியம்மா, எல்லாரும் காத்திருக்காங்க. நான் போன்ல பேசி எடுத்துத் தாரேன்." நான் ஏறினேன். அங்கே உட்கார்ந்து சத்தம் போட்டிருக்க வேண்டும். அந்த மாதிரி இடத்தில் நான் சத்தம் போட்டுப் பழகாதவள்.

கட்டுநாயக்காவிலிருந்து கண்டிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல். வேனில் நான்கு மணி நேரம் எடுத்தது. எல்லோரும் செபமாலை சொன்னார்கள். என் வாயும் சொன்னது.

புதன்கிழமை, காலை ஏழு மணி. கண்டியில் தெரிந்த பிள்ளை ஒருத்தி வீட்டில் படுத்து எழும்பி, எங்கள் ஊர்ப் பக்கம் போகிற ஹேவாஹெட்ட பஸ்ஸைப் பிடித்தேன். தலாத்துஓயா வழியாக முப்பது கிலோமீட்டர் ஏற்றம், நூற்றி ஐம்பது ரூபாய். மலைப் பக்கம் உட்கார்ந்தால் தலை சுற்றாது. மற்றப் பக்கம் பள்ளத்தைப் பார்த்தபடி வரவேண்டும். இறங்கியதும் எங்கள் தோட்டத்து டிவிசனுக்கு இன்னும் இரண்டு கிலோமீட்டர். திரீவீல் ஆட்டோக்காரன் முந்நூறு கேட்டான், நடந்தே போனேன். கையில் பாரம் இல்லாமல் அந்த ஏற்றத்தில் நான் நடந்தது அன்றைக்குத்தான்.

மகள் ஸ்டெல்லா வாசலில் நின்றாள். அவளுக்குப் போனில் சொல்லியிருந்தேன், அப்பாவிடம் சொல்லாதே என்றும் சொல்லியிருந்தேன். உள்ளே போனேன். இவர் தலையணையை முதுகுக்கு வைத்து, தலை வாரி, சவரம் செய்து உட்கார்ந்திருந்தார். யாரோ பெரிய மனிதர் வருவதற்கு ஆயத்தமானது போல இருந்தது.

"எங்க?" என்றார்.

நடந்ததை நடந்தபடி சொன்னேன். பெல்ட், துண்டுச் சீட்டு, லூர்தம்மா எல்லாவற்றையும். கேட்டுக்கொண்டே இருந்தார். முடித்ததும் தலையணையைத் தானே இழுத்துக் கீழே போட்டுவிட்டுப் படுத்தார்.

"அவன் அனுப்பல."

"அனுப்பினாருங்க. நான் கையில வாங்கினேன்."

"எனக்கு ஆறுதலுக்குச் சொல்ற. போன்லயும் அதுக்குத்தான் சொன்ன. இப்ப கொண்டாந்து காட்ட ஏலாதுன்னதும் பிளேன்ல தொலஞ்சு போச்சுங்கிற."

"கறுப்புக் கம்பளி. கரையில செவப்புக் கோடு ரெண்டு. ஒரு பக்கம் எலி கடிச்ச..."

"அது ஒனக்குத் தெரியாதா? அந்தக் கம்பளிய நீ இந்த வீட்டுக்கு வந்த நாள்லருந்து பாத்தவதானே."

இவர் சொன்னது உண்மைதான். துணியைப் பிரிக்காமல் கொண்டுவந்தவள் நான். பழைய ஞாபகத்தைத்தான் சொன்னேன். ஜேம்ஸுக்குப் போன் போட்டு இவர் காதில் வைத்தேன். அவன் அங்கிருந்து, "அப்பா குடுத்துவுட்டது நெசம் சித்தப்பா" என்று கத்தினான். இவர் போனைத் தள்ளினார். "அவன் மகன் சொல்றான். அவனா சொன்னான்?" அவனால் சொல்ல முடியாது என்று இவருக்கும் தெரியும்.

ஐம்பத்து நான்கு வருஷம் இவரோடு வாழ்ந்தேன். என் சொல்லை யாரும் நாணயம் போலச் சுண்டிப் பார்த்ததில்லை, கங்காணி முதல் துரை வரை. அந்தோனியம்மா சொன்னால் சரி என்பார்கள். என் வீட்டுக்குள் அது செல்லவில்லை. அன்றைக்கு நான் சோறு தின்னவில்லை. இவரும் தின்னவில்லை.

வியாழக்கிழமை, காலை ஒன்பது மணி. கண்டி கட்டுக்கலையில் சவரிமுத்து ஐயா வீட்டில் இருந்தேன். கதிரை போட்டார், தேத்தண்ணி வந்தது. மூன்று தடவை போன் எடுத்தார். அந்த விமானக் கம்பெனிக்காரர் மூன்று தடவையும் ஒரே பதிலைச் சொன்னார்கள். துண்டுச் சீட்டு யார் பெயரில் இருக்கிறதோ அவர் முறைப்பாடு எழுதி, பைக்குள் இருந்ததற்குப் பட்டியல் கொடுத்தால்தான் தேடுவார்கள்.

"பத்து வருசமா இப்படித்தான் ஒண்ணா போட்டு எடுக்கிறோம். ஒரு தடவ இப்படி நடந்ததில்ல" என்றார்.

"நடந்ததில்லேன்னா அது ஒழுங்குன்னு ஆயிருமா ஐயா?"

அவர் தேத்தண்ணியைப் பார்த்தார். நல்ல மனுஷன். ஆனால் தன் வழக்கத்தில் பிழை என்று ஒத்துக்கொள்ள அவருக்கு நாக்கு வரவில்லை. லூர்தம்மாவின் விலாசத்தை எழுதிக் கொடுத்தார்.

பதினொரு மணிக்குக் கடுகண்ணாவை பஸ். பேராதனைப் பாலம், பிலிமத்தலாவை தாண்டிப் பதினாறு கிலோமீட்டர், தொண்ணூறு ரூபாய். பேராதனையிலேயே முக்கால் மணி நேரம் வாகனத்துக்குள் வாகனமாக நின்றோம். ஸ்டேசன் பக்கம் இறங்கி, மூலையில் இருந்த முஸ்லிம் கடையில் விலாசத்தைக் காட்டினேன். கடைக்காரர் தாடியைத் தடவினார்.

"சாரி விக்கிற லூர்தம்மாவா? ஏறிப் போங்க, மூணாவது கேட். இந்தியாவுக்குப் போய் வந்த நாள்லருந்து கதவத் தொறக்கல. வழமையா அடுத்த நாளே சாரியத் தோள்ல போட்டுட்டு வந்துருவா, எங்கட வீட்டுப் பொம்பளையளும் பாத்துட்டு ஈக்காங்க."

கதவு பாதிதான் திறந்தது. முன்னறையில் சேலைகள் பிரிக்காமல் கிடந்தன. உட்காரச் சொன்னாள். நான் நின்றுகொண்டே பேசினேன்.

"லூர்து, நீ ஒரு கையெழுத்து வைக்கணும். அவ்வளவுதான்."

"அக்கா, பட்டியல் குடுக்கச் சொல்றாங்க. உள்ள என்ன இருந்துச்சுன்னு நான் எப்படி எழுதுவேன்?"

"நான் சொல்றேன், நீ எழுது. சேலை நாலு, எண்ணெய், மெழுகுதிரி, கம்பளி."

அவள் கண்ணைத் தாழ்த்தினாள். "வேற கேள்வி வரும் அக்கா. என் பேருல எத்தன பை வந்துச்சுன்னு கேப்பாங்க. ஒங்க பேருல வந்த மூட்டை யாருதுன்னு கேப்பாங்க. கஸ்டம்ஸ்ல வரி கட்டாம எடுத்து வந்துருக்கேன். என்னைப் புடிச்சு உள்ள போட்டா ஒங்களுக்குச் சந்தோசமா?" கொஞ்சம் விட்டு, "பழைய கம்பளிதானேக்கா. நான் புதுசா நல்ல பிளாங்கெட் ஒண்ணு தாறேன், கொண்டு போங்க" என்றாள்.

என் வாழ்நாளில் யாரிடமும் கை நீட்டியதில்லை. தோட்டத்தில் முப்பத்தெட்டு வருஷம் கொழுந்து எடுத்து, என் சேமிப்பில் வேளாங்கண்ணி போனவள். அவள் எனக்குப் போர்வை தானம் தருகிறாளாம்.

"ஒன் போர்வைய நீயே போர்த்திக்க. இனி ஒன் வாசப்படி மிதிச்சா நான் அந்தோனியம்மா இல்ல" என்று சொல்லிவிட்டு இறங்கினேன். கடை வாசலில் வந்து நின்றேன். கடைக்காரர் கண்டுவிட்டு, ஒன்றும் கேட்காமல் ஒரு கிளாஸ் தண்ணீர் கொடுத்தார். குடித்தேன். பஸ் வரும் வரை நிழலில் இருந்தேன்.

வெள்ளிக்கிழமை நான் எங்கும் போகவில்லை. இவர் பேச்சைக் குறைத்துவிட்டார். ஸ்டெல்லா கஞ்சி கொடுத்தால் இரண்டு வாய் குடித்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்புவார். டிஸ்பென்சரி ஐயா வந்து நாடி பார்த்து, "மனசு விட்டுட்டாரும்மா. மருந்து மனசுக்குப் பின்னாலதான் வேலை செய்யும்" என்றார். மத்தியானம் இவர் தானாக ஒரு வார்த்தை சொன்னார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, சுவரைப் பார்த்து.

"சாகப் போற நேரத்துலயாவது மன்னிச்சிருக்கலாம் அவன்."

அதைக் கேட்டுக்கொண்டு துவைத்த துணியை மடித்தேன். மடிக்கும்போதுதான் புத்தியில் பட்டது. எனக்கு வேண்டியது பை இல்லை. இவருக்கு ஒரு சாட்சி வேண்டும். நான் இல்லாத ஒரு ஆள், பழைய நாளில் அந்தக் கம்பளியைப் பார்த்திராத ஒரு ஆள், என் கையில் அது இருந்ததைக் கண்ணால் கண்ட ஆள். அந்தப் பொதியை நான் பைக்கு அடியில் வைத்தபோது பக்கத்தில் நின்றதும், பையைத் தூக்கித் தராசில் வைத்ததும் லூர்தம்மா. ஜேம்ஸ் வந்த நேரம் மற்றவர்கள் கோயிலுக்குள் இருந்தார்கள், வேறு யாரும் கண்டதில்லை.

வாசப்படி மிதிக்க மாட்டேன் என்று நான் சொல்லி ஒரு நாள்தான் ஆகியிருந்தது. அந்த ராத்திரி முழுக்க என்னோடு நானே சண்டை போட்டேன். என்ன சொல்ல, தோற்றேன்.

சனிக்கிழமை, பகல் ஒரு மணி. மறுபடியும் நூற்றி ஐம்பதும் தொண்ணூறும் கொடுத்துக் கடுகண்ணாவை. மழை. பாறையைக் குடைந்த பழைய வழிப் பக்கம் தண்ணீர் ரோட்டில் ஓடியது. லூர்தம்மா கதவைத் திறந்து என்னைப் பார்த்து, "நீங்க அந்தோனியம்மா இல்லியே" என்றாள். குத்திச் சொன்னதுதான். எனக்கு அது வேண்டியதுதான்.

"இல்ல. வேற ஆளு. கெஞ்ச வந்த ஆளு" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. துவாய் எடுத்து என் தலையைத் தானே துடைத்தாள். கையெழுத்துக் கேட்கவில்லை, ஒரு வாய்ச் சொல் போதும் என்று விளக்கினேன். என் வீட்டுக்காரரைப் பற்றி, ஸ்டேசனைப் பற்றி, சுவரைப் பற்றிச் சொன்னேன். யாருக்கும் சொல்லாதவை. அவள் கேட்டுக்கொண்டே சேலை மடிப்பை நீவிக்கொண்டிருந்தாள்.

"கஸ்டம்ஸ் ஒண்ணும் வராதே?"

"எங்க லயத்து வீட்டுக்குக் கஸ்டம்ஸ் வந்தா அட்டைதான் கடிக்கும்."

"நாளைக்குப் பூசை முடிஞ்சு வாறேன் அக்கா."

ஞாயிற்றுக்கிழமை, பதினொன்றரை. கண்டி மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் அவளைச் சந்தித்தேன். நல்ல சேலை, பவுடர், குடை, சாவு வீட்டுக்கும் கல்யாண வீட்டுக்கும் பொதுவான முகம். பஸ்ஸில் பள்ளத்துப் பக்கம் உட்கார்ந்துவிட்டு, மரசன ஊரைத் தாண்டியதும் என் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினாள்.

"இந்த மலையில ஏறி எறங்கித்தான் வாழுறீங்களா? நான் பிளேன்ல கூட இப்படிப் பயப்படல."

"பிளேன்ல ஒனக்குப் பயம் வேற. மூட்டைப் பயம்."

"விடுங்கக்கா, அதப் பேசாதீங்க."

திரீவீலுக்கு அன்றைக்கு முந்நூறு கொடுத்தேன். இவர் அறைக்குள் அவளைக் கூட்டிப்போனேன். ஸ்டெல்லா கதிரை போட்டாள். இவர் திரும்பிப் பார்த்தார். கண் மட்டும்தான் பழையபடி இருந்தது.

"ஐயா, நான் அக்காவோட வேளாங்கண்ணி போனவ. அக்கா பைய நாந்தான் தராசுல தூக்கி வச்சேன். அதுல கம்பளி இருந்துச்சு. நான் கண்டேன்."

"நீ இவளுக்குச் சொந்தமா?"

"இல்லீங்க. யாத்திரையில பழக்கம்."

"எவ்வளவு குடுத்தா?"

நான் கண்ணை மூடிக்கொண்டேன். லூர்தம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. வியாபாரம் செய்கிறவள், விலை பேசினால் விடமாட்டாள், ஆனால் தன்னையே விலை பேசியதை அவளால் தாங்க முடியவில்லை.

"குடுக்கவா? எனக்குக் குடுக்கவா? பஸ்ஸுல உசிரக் கையில புடிச்சிட்டு வந்துருக்கேன்! அந்தக் கம்பளிக்குள்ள என் பட்டுச் சேலை ஆறு கெடந்து போச்சு, அது தெரியுமா ஒங்களுக்கு?"

சொல்லிவிட்டு அவள் வாயைப் பொத்தினாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"அக்கா, நீங்க திருச்சியில காலைப் பூசைக்குப் போன நேரம் நாந்தான் பிரிச்சேன். வயசானவங்க பழைய கம்பளிய கஸ்டம்ஸ்ல கிண்ட மாட்டாங்கன்னு, உள்ள சேலைய மடிச்சு வச்சுத் திரும்பத் தச்சுட்டேன். அதான் பட்டியல் எழுதப் பயந்தேன். மன்னிச்சிருங்க."

நான் அவளை அடித்திருப்பேன். கை எழும்பவில்லை. அதற்குள் இவர் முழங்கையை ஊன்றித் தலையைத் தூக்கியிருந்தார்.

"பிரிச்சியா? உள்ள பாத்தியா?"

"பாத்தேன். கறுப்புக் கம்பளி, ஒரே புகை நாத்தம். மூலையில செவப்பு நூல்ல எழுத்துத் தச்சிருந்துச்சு. புது நூலு. கோணல் மாணலா, பொம்பளக் கை தச்ச மாதிரி இல்ல."

"என்ன எழுத்து?"

"எனக்குச் சிரிப்பு வந்துருச்சு அப்ப. சுண்டெலிக்கு, அப்படின்னு இருந்துச்சு."

நான் அந்தப் பெயரைக் கேட்டதே இல்லை. ஐம்பத்து நான்கு வருஷத்தில் ஒரு தடவை கூட இல்லை. ஸ்டெல்லா என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். இவர் மெல்லப் படுத்தார். உதடு அசைந்தது. அழவில்லை. கூரைத் தகரத்தைப் பார்த்தார். பிறகு சொன்னார்:

"அவந்தான் தச்சிருக்கான். வாதத்துல வெளங்காத கைய வச்சுத் தச்சிருக்கான்."

என் சொல் ஜெயித்தது என்று நினைத்தேன். ஒரு நிமிஷம்தான். இவர் முகத்தை என் பக்கம் திருப்பினார்.

"அப்ப அவன் அனுப்பித்தான் இருக்கான். நீதான் தொலைச்சுட்ட."

"ஆமாங்க" என்றேன். "நாந்தான்."

வேறு என்ன சொல்ல? அது வரைக்கும் நான் சொல்லாத பொய்க்காக என்னைக் குற்றம் சொன்னார். அதைத் தாங்க என்னிடம் தைரியம் இருந்தது. இது நான் செய்தது. பொய்க்காரி என்று இவர் நினைத்தபடியே விட்டிருக்கலாமோ என்று அன்றைக்கு எத்தனை தடவை நினைத்தேன் என்று தெரியாது. அண்ணன் மன்னிக்கவில்லை என்ற துக்கம் போய், மன்னித்தது கைக்கு வராமல் போன துக்கம் வந்தது. எது பெரியது என்று எனக்கு இன்றைக்கும் பிடிபடவில்லை.

திங்கட்கிழமை லூர்தம்மா தானாகவே கட்டுநாயக்காவுக்குப் போய் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தாள். ஆறு பட்டுச் சேலையையும், என் பெயரில் வந்த மூட்டையையும் எழுதினாள். வரியும் அபராதமும் வாங்கிக்கொண்டு விட்டார்கள். பையை மட்டும் தேடுகிறோம் என்றார்கள். திருச்சியிலும் தேடினார்களாம், இங்கேயும் தேடினார்களாம். வேறு ஊருக்குப் போகிற விமானத்தில் ஏறியிருக்கலாம் என்றார்கள். எந்த ஊர் என்று யாருக்கும் தெரியவில்லை. எந்தத் தேசத்தில், எந்த அறையில், எந்தப் பைகளுக்கு அடியில் என் மாமனாரின் கம்பளி கிடக்கிறதோ.

இவர் அதற்குப் பிறகு பதினொரு நாள் இருந்தார். என்னைத் திட்டவில்லை. கீழே ரோட்டில் வாகனம் ஏறி வருகிற சத்தம் கேட்டால் மட்டும் தலையைத் திருப்புவார். லொறி என்று தெரிந்ததும் திரும்பப் போட்டுக்கொள்வார். சுண்டெலி என்று ஏன் கூப்பிட்டார் உங்க அண்ணன் என்று ஒரு நாள் கேட்டேன். "அது எங்க ரெண்டு பேருக்குள்ள" என்றார். பன்னிரண்டாம் நாள் காலை, ஸ்டெல்லா தேத்தண்ணி கொண்டுபோனபோது உயிர் இல்லை.

யாத்திரை போகிறவர்களுக்கு ஒன்று சொல்லவே இவ்வளவையும் எழுதினேன். எழுத்துத் தெரியாதவள் இல்லை நான், மெதுவாக எழுதுகிறவள். தோட்டத்தில் அந்திக்குக் கொழுந்து நிறுக்கும்போது முப்பத்தெட்டு வருஷம் தராசடியில் நின்றிருக்கிறேன். பக்கத்து நிரைக்காரி எவ்வளவு கெஞ்சினாலும் என் கொழுந்தை அவள் பெயரில் போட விட்டதில்லை, அவள் கொழுந்தை என் பெயரில் ஏற்றதும் இல்லை. என் பெயருக்கு நேரே என் பாரம்தான் இருக்க வேண்டும் என்று கங்காணியோடு சண்டை பிடித்திருக்கிறேன். அதே நான், திருச்சி விமான நிலையத்துக் கண்ணாடி மாளிகையைக் கண்டதும், எல்லாம் தெரிந்தவர்கள் செய்கிறார்கள் என்று தலையை ஆட்டினேன். நீங்கள் ஆட்டாதீர்கள். உங்கள் பையை உங்கள் பெயரில் போடுங்கள். பின்னால் நிற்பவர்கள் முணுமுணுக்கட்டும்.

அடக்கம் முடிந்த மறுநாள் ஜேம்ஸ் போன் எடுத்தான். கம்பளி தொலைந்ததை அவன் அப்பாவிடம் சொல்லவில்லையாம். சித்தப்பா அதைப் போர்த்திக்கொண்டுதான் கண்ணை மூடினார் என்று சொல்லியிருக்கிறானாம்.

"அப்பா நம்ப மாட்டேங்கிறாரு சித்தி. ஒங்க வாயால கேக்கணும்னு கையக் காட்டுறாரு. போனை அவரு காதுல வைக்கிறேன்."

அந்தப் பக்கம் ஒரு மனுஷனுடைய மூச்சு மட்டும் கேட்டது. இழுத்து இழுத்து, காத்துக்கொண்டு. ஸ்டெல்லா என் முகத்தையே பார்த்தாள்.

"மாமா, நான் அந்தோனி பேசுறேன்" என்றேன். "கதகதன்னு இருக்குன்னு சொன்னாருங்க."

மூச்சு ஒரு தடவை நின்று, திரும்ப வந்தது. போனை வைத்துவிட்டு, இவர் படுத்திருந்த பாயைச் சுருட்டினேன்.